பிபி உறுதியானதும் அடங்கியதும்

தலைவலி, தலைசுற்றல் எதுவும் எனக்குக் கிடையாது. ஆனாலும் மருத்துவமனையில் பார்க்கும்போதெல்லாம் பிபியின் (ரத்த அழுத்தத்தின்) மேல் அளவு 150-ஐத் தாண்டியது. டாக்டர் உடனே மாத்திரை எழுதவில்லை. "எங்களைப் பார்த்ததுமே சிலருக்கு ஏறிடும். வீட்டில் அளந்து எழுதிட்டு வாங்க" என்றார். அந்த நிதானத்துக்கு அவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

அளக்கும் முறையை நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய 5 நிமிடம் சும்மா உட்காரவேண்டும். கால்மேல் கால் கூடாது, பேச்சும் கூடாது. கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ புகையோ ஆகாது. காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி. முக்கியமானது, கையில் சுற்றும் பட்டையின் அளவு. என் கை கொஞ்சம் பருமன். கருவியோடு வந்த பட்டை இறுக்கிப் பிடித்தது. சின்னப் பட்டை அளவைக் கூட்டிக் காட்டுமாம். பெரியது மாற்றியதும் நிஜமாகவே குறைந்தது.

வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டால் உயர் ரத்த அழுத்தம். எனக்கு அந்தக் கோட்டை ஒட்டியே வந்ததால், 24 மணி நேரமும் தானாகவே பிபி அளக்கும் கருவியை இடுப்பில் மாட்டி அனுப்பினார்கள். பாத்திரம் கழுவும்போது திடீரென்று பட்டை உப்பும். கையைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்பேன். தூக்கத்திலும் அது விடவில்லை. ஆனால் விஷயம் வெளிப்பட்டதே அந்த இரவில்தான். தூங்கும்போது அழுத்தம் பத்து சதவீதமாவது இறங்கவேண்டும். எனக்கு இறங்கவே இல்லை.

ஈசிஜி, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான பரிசோதனை), பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எல்லாம் பார்த்தபின் அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை ஆரம்பித்தது. பிபி இறங்கியது, கணுக்கால் வீங்கியது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் பள்ளம் தெரியும். மாத்திரையை நானாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டினேன். அதன் அளவைப் பாதியாக்கி டெல்மிசார்டன் என்ற இன்னொரு பிபி மாத்திரையைச் சேர்த்தார். வீக்கம் வடிந்தது. டெல்மிசார்டன் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடும் என்பதால் சில வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை, சரியாகவே இருந்தது.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் ஐபுப்ரோஃபென் போன்றவை பிபியை ஏற்றும் என்பதால் அதையும் விட்டேன். "இப்போ நார்மலாத்தானே இருக்கு, மாத்திரை எதற்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். மாத்திரை போடுவதால்தான் நார்மலாக இருக்கிறது. குறைப்பதா வேண்டாமா என்பதை, நான் குறித்துக்கொண்டுபோகும் அளவுகளைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.