இங்கே இருந்தால் ஆகாது

டோக்கியோவுக்கு வந்து எட்டாவது மாதம், 2019 மே. தபால் பெட்டியில் பீட்சாக் கடை நோட்டீஸ்களுக்கு நடுவே எடோகவா வார்டு அலுவலகம் அனுப்பிய மெல்லிய புத்தகம் ஒன்று கிடந்தது. குப்பை பிரிக்கிற அட்டவணை மறுபடியும் வந்துவிட்டதோ என்று எடுத்தேன். வெள்ள அபாய வரைபடம். அட்டையில் எங்கள் வார்டின் மேலேயே ஒரு வரி: ‘கொகோ நி இதே வா தமே தேஸ்.’

சீனாவிலிருந்து வந்த கான்ஜி எழுத்து ஒன்றுகூட இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும், ஞாயிற்றுக்கிழமை மொழி வகுப்புக்குப் போகிற என்னைப் போன்றவனும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். கொகோ நி, இங்கே. இதே வா, இருந்தால். தமே தேஸ், ஆகாது. சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசைதான்.

மனைவியிடம் காட்டினேன். “யாரை? நம்மளையா சொல்றாங்க?” என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. வீடு தேடிய மாதத்தில், “உரிமையாளர் வெளிநாட்டவருக்குத் தருவதில்லை” என்று தரகர் போனை வைத்துவிட்டுக் குனிந்து வணங்கியதை மூன்று தடவை பார்த்திருந்தோம். எங்கள் வார்டின் நிஷிகசாய் பகுதியில் நம்மவர்கள் குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2000-ஐ ஒட்டி கணினி வேலைக்கு வந்தவர்களுக்கு டோசாய் ரயிலில் ஏறினால் ஓட்டெமாச்சி அலுவலகங்கள் பக்கம். அரசு சார்ந்த யூஆர் குடியிருப்புகளில் ஜாமீன்தாரர் வேண்டாம், வீட்டுக்காரருக்குத் தரும் ‘நன்றிப் பணம்’ வேண்டாம். ஆனால் அந்த அட்டை எங்களை மட்டும் சொல்லவில்லை. வார்டில் இருக்கும் ஏறக்குறைய 7 லட்சம் பேரையும் பார்த்துச் சொன்னது.

ஜப்பானில் முக்கால் பங்கு மலை. மிச்சமுள்ள சமவெளிகளில்தான் 12 கோடிக்கு மேற்பட்ட மக்களில் பெரும்பாலோர் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். அவற்றில் பெரியது கான்டோ. அதன் தண்ணீர் கடலுக்கு இறங்கும் வாசலில் எங்கள் வார்டு. ஒரு பக்கம் அரகவா ஆறு, மறுபக்கம் எடோகவா ஆறு, தெற்கே விரிகுடா. நிலத்தில் பத்தில் ஏழு பங்கு கடலின் ஏற்றமட்டத்துக்குக் கீழே. தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சின. அந்த நீரில் கரைந்திருந்த எரிவாயுவையும் எடுத்தார்கள். தரை இறங்கிக்கொண்டே போயிற்று. 1972-இல் டோக்கியோ அரசு எரிவாயு உரிமையையே விலைக்கு வாங்கி நிறுத்தியது. இறங்கின தரை மட்டும் ஏறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஊரின் தெற்கே கடலைத் தூர்த்து உண்டாக்கிய செய்ஷின்-சோதான் மேடு. நோரிப் பாசி வளர்த்த கடல் அது. 1962-இல் மீனவர்கள் உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். பழைய ஊர் முழுக வாய்ப்புண்டு, நேற்று வந்த நிலம் முழுகாது.

வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று வளர்ந்தவன் நான். இவர்களுக்குச் சாணும் முழமும்தான் முக்கியம். எந்தத் தெருவில் எத்தனை மீட்டர், தண்ணீர் வடிய எத்தனை நாள் என்று நிறம் பிரித்துக் காட்டியிருந்தார்கள். சில இடங்களில் இரண்டு வாரத்துக்கு மேல். ஒரு அலுவலகம் தன் ஊரைப் பற்றி இவ்வளவு பட்டவர்த்தனமாக எழுதி நான் பார்த்ததில்லை.

நான் மாலையில் ஓடப் போகும் அரகவாவும் இயற்கை ஆறு அல்ல என்று பிறகுதான் தெரிந்தது. 1910 பெருவெள்ளத்துக்குப் பின், 1911-இல் தொடங்கி 1930-இல் முடித்த வெட்டாறு: 22 கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலம். சுமார் 1,300 குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. பணியை நடத்தியவர்களில் முக்கியமானவர் பனாமா கால்வாயில் வேலை செய்து திரும்பிய பொறியாளர் அவோயாமா அகிரா. வெட்டாறு பிரியும் இடத்தில் இருக்கும் இவாபுச்சி மதகருகே உள்ள நினைவுக் கல்லில் அவர் பெயர் இல்லை. உழைத்து உயிரைக் கொடுத்த ‘எங்கள் தோழர்களை’ நினைவுகூர என்று மட்டும் இருக்கிறது. திறப்புவிழாக் கல்வெட்டுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சற்று நேரம் பிடிபடவில்லை. அதற்கு முன்னூறு ஆண்டு முன்பே தொகுகவா ஆட்சி, விரிகுடாவில் விழுந்துகொண்டிருந்த தோனே ஆற்றைக் கிழக்கே பசிபிக் பக்கம் திருப்பிவிட்டது. எடோ டோக்கியோ ஆன கதையில் பாதி, தண்ணீரை வேறு பக்கம் போகச் சொன்ன கதைதான்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயது. வரைபடத்தை நான் காட்டியதும் சிரித்தார். 1947 கேத்லின் புயலில் கொய்வாவில் அவர்கள் வீட்டில் தண்ணீர் புகுந்தபோது அவருக்கு எட்டு வயது. ஐந்து மணிக்குத் தெருக்கம்பத்து ஒலிபெருக்கியில் சிறுவர் பாட்டு மெட்டு வருகிறதே, அது பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப என்றுதான் நான் நினைத்திருந்தேன். பேரிடர் அறிவிப்புக் கருவி வேலை செய்கிறதா என்ற தினசரிச் சோதனையும் அதுதான் என்று அவர்தான் சொன்னார்.

மொழி வகுப்பில் ஒருநாள் கொகோ, சொகோ, அசொகோ வந்தது. இங்கே, உன் பக்கம், அங்கே. நடுவில் உள்ளது எனக்கு ஏறவே இல்லை. பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பர், “இதிலை என்ன கஷ்டம்? இஞ்சை, உங்கை, அங்கை. உங்கடை ஆக்கள் ‘உது’வைத் தொலைச்சிட்டியள்” என்றார். மொழியியலாளர் ஓனோ சுசுமு தமிழையும் ஜப்பானியத்தையும் உறவாக்கப் பார்த்தார்; மற்றவர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. எனக்கு அந்த வழக்கில் கருத்தில்லை. ஆனால் ‘ஷிதே மிரு’வை ‘செய்து பார்’ என்று அப்படியே பிடித்துக்கொண்டதால் பரீட்சையில் தேறினேன்.

அக்டோபர் 12, சனிக்கிழமை, ஹகிபிஸ் புயல். ரயில்களை நிறுத்தப்போவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வார்டின் மேற்குப் பகுதியில் இருப்பவர்கள் வெளியேறும்படி காலையிலேயே அறிவிப்பு. குடியிருப்பில் எல்லா வீட்டுப் போன்களும் ஒரே நேரத்தில் அலறின. வார்டைவிட்டு வெளியே உறவினர், நண்பர் வீட்டுக்குப் போ என்கிறது புத்தகம். உறவினரெல்லாம் தாம்பரத்தில். நாங்கள் பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தபோது செய்ஷின்-சோவிலிருந்து யாழ்ப்பாணத்து நண்பர் அழைத்தார்.

“உங்கை நிக்காதேங்கோ. இஞ்சை வாங்கோ.”

ஒன்பதாவது மாடி. நான்கு குடும்பம், இரண்டு ரைஸ் குக்கர். இவாபுச்சியில் மதகை மூடியதையும் நீர்மட்டம் 7 மீட்டரைத் தாண்டியதையும் போனில் பார்த்துக்கொண்டே இருந்தோம். கரை தாங்கியது.

மறுநாள் வெயில் பளிச்சென்று அடித்தது. வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா வாசலில் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் எங்கும் போகவில்லை, முழங்கால் வலி. அவரைக் கேட்க வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“எங்கே போயிருந்தீர்கள்?”

சொன்னேன்.

“அங்கே மேடுதான்” என்று தலையாட்டினார். “எத்தனையாவது மாடி?”

“ஒன்பது.”

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்: “லிஃப்ட் இருக்கிறதா?”