தராசும் மூன்றரை மணியும்

03.11.2025, திங்கள்

கொழிஞ்சாம்பாறையில் மாட்டுத் தீவனக் கடை நடத்திக்கொண்டு பங்குச் சந்தையில் டிரேடிங்கும் பண்ணுகிறவனுக்கு ஒரு சாபம் உண்டு. சந்தை முடியப்போகிற மூன்றிலிருந்து மூன்றரைக்குள்தான், சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறவர்கள் எல்லாரும் கடை வாசலில் வண்டியை நிறுத்துவார்கள்.

இன்று 2.50க்கு, நன்றாக ஏறிக்கொண்டிருந்த ஒரு பங்கை 118.40க்கு 300 வாங்கினேன், இன்ட்ராடேயில், அதாவது வாங்கியதை அன்றைக்கே விற்றுவிட வேண்டிய கணக்கில். 119.50 வந்தால் தள்ளிவிடலாம் என்று கணக்கு. 3.15க்கு ஒரு அக்கா, "ஏனுங்க, போன மூட்டைல பூஞ்சை இருந்துச்சுங்க" என்று வந்து நின்றார். பிரித்து, முகர்ந்து, மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தால், 3.20க்குப் புரோக்கரே 118.10க்கு விற்று முடித்திருக்கிறான். நஷ்டம் 90 ரூபாய், நானாக விற்காததற்கு 50, அதற்கு ஜிஎஸ்டி 9. 3.28க்கு அதே பங்கு 119.30!

என்னை மாதிரி மறந்தவன், இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருந்தவன், எல்லார் பங்கும் 3.20ஐ ஒட்டிய ஐந்து நிமிடத்தில் விற்பனைக்கு வரும், நாளெல்லாம் ஏறிய பங்கு அப்போது தொய்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தும் உள்ளேயே நிற்கிறேன்.

04.11.2025, செவ்வாய்

நிஃப்டி வாராந்திர எக்ஸ்பைரி, அந்தக் குறியீட்டின் மேல் போட்ட வார ஒப்பந்தங்கள் முடிகிற நாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை, கோயம்புத்தூர் மச்சான் போவான். கடைசி நிமிடத்தில் ஒரு தூக்குத் தூக்கினால் போதும் என்பான். ஒப்பந்தத்தின் கணக்கை முடிக்கிற செட்டில்மென்ட் விலை கடைசி அரை மணியின் சராசரிடா என்றால், "தெரியுங்க மாமா". சரி.

இன்று வாங்கி அடுத்த நாள் விற்கலாமா என்று யோசித்தேன். நாளை குருநானக் ஜெயந்தி, சந்தை லீவு, ஆக இரண்டு ராத்திரி கையில் வைத்திருக்க வேண்டும். 25,000க்கு வாங்கினால் எஸ்டிடி என்கிற பரிவர்த்தனை வரி வாங்க 25, விற்க 25, முத்திரை வரி, விற்கும்போது டிமேட் கணக்கிலிருந்து பங்கை எடுக்கிற கட்டணம் எல்லாம் சேர்ந்து எழுபதைத் தொடும். அதைத் தாண்டி ஏறினால்தான் கைக்காசு. விட்டுவிட்டேன்.

06.11.2025, வியாழன்

3.30 வரை போன் கல்லாப்பெட்டிக்குள். அப்புறம் எடுத்துப் பார்த்தால் அதே பங்கு கடைசியாகக் கைமாறியது 116.85, முடிவு விலை 116.20. மூன்றிலிருந்து மூன்றரை வரை நடந்த வியாபாரத்தின் சராசரி அது, கடைசி நிமிடத்தில் ஏறியது அதில் பெரிதாகத் தெரியாது. 3.40 முதல் 4 மணி வரை அந்த ஒரே விலையில் வாங்கலாம், அவசரமில்லை, சார்ட் பார்க்க வேண்டாம். டெலிவரியில், அதாவது அன்றே விற்காமல் கையில் வைத்துக்கொள்கிற கணக்கில், 100 பங்குக்கு ஆர்டர் போட்டேன்.

கிடைத்தது 37. பின்னே, சற்றுமுன் 116.85க்குப் போனதை 116.20க்கு விற்க எவனுக்கு மனசு வரும்? விலை மலிவாகத் தெரிகிற நாளில் விற்கிறவன் இருக்கமாட்டான் என்பது எனக்கு இன்றுதான் உறைத்தது. போதாததற்கு, விற்கும்போது டிமேட் கட்டணம் 37க்கும் அதேதான், 3,700க்கும் அதேதான்.

நாலு மணிக்கு மேல் அந்த அக்கா வந்தார். மாற்றிக் கொடுத்த மூட்டை நல்லா இருக்காம், இன்னும் இரண்டு வேணுமாம்.