வெர்மீரின் முத்தும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் குண்டும்

யோஹன்னஸ் வெர்மீர் 1665 வாக்கில் தீட்டிய ‘முத்துக் காதணி அணிந்த பெண்’ ஓவியத்தை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்து வருகிறேன். மூலம் நெதர்லாந்தின் ஹேக் நகரில், மௌரிட்ஷௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 44.5 செ.மீ., அகலம் 39 செ.மீ. அதே அளவுக்குக் கித்தான் அடித்துக்கொண்டேன்; அளவை மாற்றினால் தூரிகையின் வீச்சும் மாறிவிடும். இப்போதைக்கு முகம் முகமாகிவிட்டது, பின்னணிதான் பாக்கி.

எத்தனையோ படங்கள் இருக்க இதைத் தேர்ந்ததற்குக் காரணம் அந்தப் பெண்ணின் மூக்கு. பென்சிலில் பழகிய கை எதற்கும் ஓரக்கோடு தேடும். இங்கே மூக்குத்தண்டுக்கும் அதற்கு அப்பால் உள்ள கன்னத்துக்கும் இடையே எல்லையே கிடையாது. இரண்டின்மேலும் இடப்பக்கத்து வெளிச்சம் விழுகிறது. இரண்டும் ஒரே தோல் நிறமாக ஓடிக் கலந்துவிடுகின்றன. அப்படியும் மூக்கு எடுப்பாகத் தெரிகிறது. இந்தப் பக்கத்து நிழலும் நாசித் துளையின் இருளும் போதும், மீதியைப் பார்ப்பவர் கண்ணே வரைந்துகொள்ளும். உதட்டோரத்தில் ஒரு சின்ன இளஞ்சிவப்புப் புள்ளி உண்டு. 1994இல் ஓவியத்தைச் சுத்தம் செய்தபோதுதான் அது வெளிப்பட்டது. அதை வைத்ததும் வாய் ஈரமாகிவிட்டது!

அடிப்பூச்சு முழுக்க பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பு வண்ணம். வெர்மீரும் பழுப்பிலும் கறுப்பிலும்தான் தொடங்கியிருக்கிறார் என்று 2018இல் நடந்த ஆய்வு காட்டியது. அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காய்கிறது, அதிலும் சேலத்து வெயிலில். வெள்ளைதான் பொறுமையைச் சோதிக்கிறது. அவர் பூசிய ஈய வெள்ளை நஞ்சு என்பதால் நான் டைட்டானியம் வெள்ளைக்கு மாறினேன். அது அடியில் இருப்பதை மூடிவிடும், தோலையும் சுண்ணாம்பு பூசினாற்போல் ஆக்கிவிடும். மஞ்சள் காவியைத் தாராளமாகக் கலந்துதான் சமாளிக்க வேண்டும். தலைப்பாகையின் நீலத்துக்கு அவர் ஆப்கானிஸ்தானத்துக் கல்லை அரைத்த அல்ட்ராமரின் பூசினார். எனக்குத் தொழிற்சாலையில் செய்த அல்ட்ராமரின், டியூபில்.

முத்துதான் புதிர். பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே முத்தே இல்லை. காதில் மாட்டும் கொக்கி இல்லை, விளிம்பும் இல்லை. மேலே தடித்த வெள்ளைத் தீற்றல், கீழே கழுத்துப்பட்டையின் மங்கலான பிரதிபலிப்பு, அவ்வளவுதான். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் மெருகேற்றிய வெள்ளிக் குண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று சொன்னதும் சிரித்தார். “மெருகேறிய குண்டுக்குச் சொந்த நிறம் ஏது கண்ணு? எதிரில் இருப்பதைத்தானே காட்டும்?” என்றார்.

கறுப்புத் துணிக்கு முன்னால் நூலில் கட்டித் தொங்கவிட்டு, கீழே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை விரித்தேன். ஜன்னல் மேலே ஒரு பொட்டாகவும் கைக்குட்டை அடியில் சாம்பல் பிறையாகவும் தெரிந்தன. நடுப்பகுதி துணியின் கறுப்போடு கறுப்பாகப் போய்விட்டது. படத்தில் இருப்பது உண்மையில் முத்துதானா, மெருகிட்ட உலோகமா என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. குண்டைப் பார்த்த பிறகு நானும் அவர்கள் கட்சி. அன்று மாலையே நகலில் முத்து ஏறிவிட்டது.

இனி பின்னணி. இன்று கறுப்பாகத் தெரியும் அந்த இடம் முதலில் பச்சைத் திரை. அவுரி நீலத்தையும் வெல்ட் என்னும் செடியின் மஞ்சள் சாயத்தையும் கலந்து, கறுப்பின்மேல் கண்ணாடிபோல் மெல்லியதாகப் பூசியிருக்கிறார். காலப்போக்கில் நிறம் போய்விட்டது. கறுப்பாகவே விட்டால்தான் முகம் எடுப்பாக இருக்கும் என்கிறார் அம்மா. எனக்கு வெர்மீர் பூசிய பச்சைதான் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் கூடுதலாகச் சேரும் பூச்சு என்பதால் அடிக் கறுப்பு நன்றாகக் காய வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வெடிக்கும். விரலில் ஒட்டாமல் போனதும் பச்சையைத் தொடங்கிவிடுவேன்.