பதினோராம் பக்கத்து நத்தை

குழந்தைகளுக்கான படப்புத்தகங்களை வெளியிடும் ஒரு சிறிய பதிப்பகத்தில் நான் பதிப்பாசிரியராகச் சேர்ந்து ஏழாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு பிற்பகலில், கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். “சார், நீங்க அனுப்புன புத்தகத்துல ஏதோ தப்பு இருக்குதுங்க” என்றார். பக்கங்கள் மாறிப்போயிருக்கும், அல்லது நடுவில் பின் அடிக்காமல் வந்திருக்கும் என்று எண்ணி, எந்தப் பக்கம் என்று கேட்டேன். “அதெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. பையன்தான் இது அந்தப் புத்தகமே இல்லைன்னு அழுகறான்” என்றார்.

பையனுக்கு அப்போது நான்கு வயது நிறையவில்லை. எங்கள் புத்தகம் ஒன்று ஏறத்தாழ ஓராண்டாக அவனுடைய இரவுப் புத்தகமாக இருந்திருக்கிறது. மழையில் தாயைத் தேடி அலையும் ஓர் எருமைக்கன்றின் கதை அது. அந்தப் பிரதி ஐப்பசி மழையில் ஜன்னலோரம் கிடந்து நனைந்து கூழாகிவிட்டதால், அதே புத்தகத்தை மறுபடியும் வரவழைத்திருக்கிறார்கள். வந்ததோ இரண்டாம் அச்சு. முதல் இரவே பையன் இரண்டு குற்றங்களைக் கண்டுபிடித்துவிட்டான். கன்று குட்டையில் விழும் சத்தம் சரியாக இல்லை என்பது ஒன்று. நத்தையைக் காணவில்லை என்பது மற்றொன்று. “நத்தைன்னு ஒண்ணு இருந்துச்சான்னே எனக்குத் தெரியாதுங்க சார். தினமும் ராத்திரி நான்தானுங்க படிச்சேன்” என்று அந்தத் தாய் சொன்னபோது அவர் குரலில் புகாரைவிட வியப்பே மிகுந்திருந்தது.

அலுவலக அலமாரியில் இருந்த முதல் அச்சின் கோப்புப் பிரதியை எடுத்து, இரண்டாம் அச்சுடன் பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். பையன் சொன்னது இரண்டும் உண்மை. அந்த ஆண்டு காகித விலை தாங்க முடியாத அளவுக்கு ஏறியிருந்ததால், ஒரு தாளில் கூடுதல் பக்கங்கள் அடங்கும்படி புத்தகத்தின் அகலத்தைச் சற்றுக் குறைத்திருந்தோம். பதினோராம் பக்கத்தின் வலது ஓரத்தில், ஓவியர் தம் மகிழ்ச்சிக்காக வரைந்து வைத்திருந்த ஒரு சிறிய நத்தை அந்த வெட்டில் போய்விட்டது. கதையில் அதற்கு எந்த வேலையும் இல்லாததால் எங்களில் யாரும் கவனிக்கவில்லை. அகலம் குறைந்ததால் ஒரு வரி மடங்கி அடுத்த வரிக்கு வழிந்தது. அதைச் சரிசெய்ய நான், “தொபுக்கடீர் என்று விழுந்தது” என்பதைத் “தொப்பென்று விழுந்தது” என்று சுருக்கினேன். பொருள் மாறவில்லை, வரி அடங்கியது, அன்றைக்கு அதை நல்ல திருத்தமென்றே நினைத்துக்கொண்டேன்.

அந்த அழைப்புக்குப் பிறகு என் தொழிலைப் பற்றி நான் யோசித்தவற்றையே இங்கே எழுதுகிறேன். ஒரு படப்புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி எங்களுக்கு வந்தால், அது புதிதாக இருக்கிறதா, முடிவு எதிர்பாராததாக இருக்கிறதா என்றே பார்ப்போம். மதிப்புரை எழுதுபவர் ஒருமுறை படிக்கிறார். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வருகிற பெற்றோர், நின்றபடியே ஒருமுறை புரட்டிவிட்டு வாங்குகிறார்கள். பள்ளிகளுக்குத் தேர்ந்தெடுக்கும் குழுவினரும் ஒருமுறைதான் படிப்பார்கள், அதுவும் முழுதாகப் படித்தால் உண்டு. இத்தனை பேரையும் மனத்தில் வைத்து உருவாகும் ஒரு பொருளை, இவர்களில் எவருமே செய்யாத ஒன்றைச் செய்கிற ஒருவனிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அவன் அதே இருபத்துநான்கு பக்கங்களை, அதே குரலில், இருநூறு இரவுகள் கேட்கிறான்.

வளர்ந்தவர்களுக்கு இது விளங்காமல் இருப்பதில் வியப்பில்லை. ஒரு நகைச்சுவையை இரண்டாம் முறை கேட்டால் நமக்குச் சிரிப்பு வருவதில்லை. குழந்தையோ புதுக்கதையை ஒதுக்கிவிட்டுப் பழைய கதையையே கேட்கும், ஒரு சொல் மாறினாலும் விடாமல் திருத்தும் என்று சிக்மண்ட் ஃபிராய்டு 1920-இல் வெளிவந்த தம் நூலொன்றில் எழுதியிருக்கிறார். அதற்கு அவர் கட்டிய விளக்கங்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால், வீட்டில் கவனித்துப் பார்த்த மனிதர் எழுதியது என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தெரிகிறது.

அடுத்த புத்தகத்திலிருந்து ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தேன். அச்சுக்குப் போகுமுன் டம்மிப் பிரதிகள் சில தயாரித்து, அலுவலகத்தில் சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களிடமும் அவர்களுடைய அண்டை வீட்டாரிடமும் கொடுத்து, பத்து இரவுகள் தொடர்ந்து படித்துக் காட்டச் சொன்னோம். எப்படி இருந்தது என்று முதல் நாள் கேட்கவே கூடாது, பத்தாம் நாள்தான் கேட்க வேண்டும் என்பது மட்டுமே விதி. அந்தப் பத்து நாளில் எங்களுக்குப் பிடித்த பலவும் செத்துப்போயின. திடீர்த் திருப்பத்தை நம்பி எழுதிய கதைகள் மூன்றாம் இரவிலேயே நின்றன. படிப்பவருக்கு மூச்சு முட்டும் நீண்ட வாக்கியங்களை, நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த பெற்றோர் நான்காம் இரவிலிருந்து விழுங்கத் தொடங்கினார்கள். விழுங்கியதைப் பிள்ளைகள் கையும் களவுமாகப் பிடித்தார்கள். கடைசிப் பக்கத்து நீதியை யாரும் தேடவில்லை. அந்தப் பக்கம் வருமுன்பே பிள்ளை புத்தகத்தைத் திருப்பி, அட்டையைக் காட்டி, முதலிலிருந்து என்று சொல்லிவிடும். நீதிப் பக்கம் வேண்டாம் என்று விற்பனைப் பிரிவினரிடம் ஆண்டுக்கணக்கில் வாதாடித் தோற்றிருந்த எனக்கு, அது ஒரு சின்ன வெற்றி.

உயிரோடு எஞ்சியவை வேறு வகை. திரும்பத் திரும்ப வரும் ஒரே கேள்வி, தாளத்தோடு வரும் ஒலிச் சொற்கள், வலப்பக்கத்தின் அடியில் கேள்வியை நிறுத்திவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால் விடை வரும்படி அமைத்த இடங்கள் ஆகியவை பத்தாம் இரவில் முதல் இரவைவிட வலுப்பெற்றிருந்தன. விடை தெரிந்துவிட்டால் புரட்டுவதில் என்ன சுவை என்று நான் நினைத்திருந்தேன். விடை தெரிந்த பிறகுதான் அந்தப் பக்கத்தைப் புரட்டும் உரிமையைப் பிள்ளைகள் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வீட்டில் தந்தை தூக்கக் கலக்கத்தில், “கன்று குடு என்று ஓடியது” என்று படித்துவிட, மூன்று வயது மகள் எழுந்து உட்கார்ந்து “குடுகுடு!” என்றாளாம். இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா என்ற தொல்காப்பிய விதியை நான் கல்லூரியில் மனப்பாடம் செய்து எழுதினேன். அவள் அதைப் படுக்கையிலிருந்தே காத்தாள்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் பெயரை மறந்துபோன ஈயின் கதையை நம் பாட்டிமார் எத்தனை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்! ஈ கன்றிடம் கேட்கிறது, பிறகு தாய்ப்பசுவிடம், பிறகு மேய்ப்பவனிடம், அவன் கைக்கோலிடம் என்று சங்கிலி நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு முறையும் முன்பு கேட்டவர்களின் பட்டியலை முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டும். கடைசியில் குதிரை கனைக்கும் சத்தத்தில் ஈக்குத் தன் பெயர் கிடைக்கிறது. முடிவு தெரியாதவர் அந்தக் கதையைக் கேட்பதே அரிது. அதில் வரிசைதான் இன்பம், சொல்பவர் வரிசை தவறுகிறாரா என்று காத்திருப்பதுதான் கேட்பவரின் வேலை. இதைக் கேட்டு வளர்ந்த நான், பதிப்பாசிரியரானதும் ‘புதுமை’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

ஆய்வுகளையும் தேடிப் படித்தேன். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என்னை மிகவும் பாதித்தது. ஒரு வாரத்தில் மூன்று முறை குழந்தைகளிடம் சென்று கதை படித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பிரிவினர் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், மற்றப் பிரிவினர் வெவ்வேறு கதைகளைக் கேட்டார்கள். கதைகளில் பொதிந்திருந்த புதுச் சொற்களை இரு பிரிவினரும் கேட்ட எண்ணிக்கை ஒன்றுதான். வாரக் கடைசியில் அந்தச் சொற்களை நன்றாக நினைவில் வைத்திருந்தவர்கள், ஒரே கதையைக் கேட்டவர்களே. முதல்முறை கதை என்ன என்று பார்க்கவே கவனம் போய்விடுகிறது, மறுமுறைகளில்தான் சொல்லைப் பார்க்க நேரம் கிடைக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். நத்தைக்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. படித்துக் காட்டும்போது சின்னக் குழந்தைகளின் கண்கள் எங்கே செல்கின்றன என்பதைக் கருவியால் பதிவுசெய்து, கனடாவில் 2005-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குழந்தைகள் எழுத்துகளை ஏறக்குறையப் பார்ப்பதே இல்லை, படத்தில்தான் உலவுகிறார்கள் என்பது அதன் முடிவு. கோபிசெட்டிபாளையத்துத் தாய் இருநூறு முறை எழுத்தின் மீது நடந்துகொண்டிருந்தபோது, மகன் அதே பக்கத்தின் ஓரத்தில் நத்தையோடு உட்கார்ந்திருந்தான்.

எனினும் அந்த ஆய்வுகள் எவற்றிலும் இல்லாத ஒரு சிக்கல் தமிழில் இருக்கிறது. நான் அதிக நேரம் செலவிட்டது அதில்தான். நாம் எழுதும் தமிழை வீட்டில் யாரும் பேசுவதில்லை. “கன்று தனியாகச் சென்றுகொண்டிருந்தது” என்று அச்சிட்டால், திருப்பூரில் ஒரு தாய் அதைப் “போயிட்டு இருந்துச்சு” என்று படிப்பார், நாகர்கோவிலில் ஒரு தாத்தா வேறுவிதமாகப் படிப்பார். சிலரிடம் படிப்பதைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லிக் கேட்டபோது, எங்கள் ஒரு புத்தகம் வீட்டுக்கு வீடு வேறு புத்தகமாக இருந்தது. ஆனால் ஒரு வீட்டுக்குள் அது மாறுவதே இல்லை. அம்மா முதல் வாரத்தில் எப்படி மாற்றிச் சொன்னாரோ, அதுவே அந்த வீட்டின் பாடமாக நிலைத்துவிடுகிறது. திருநெல்வேலியில் ஒரு வீட்டில், அம்மா ஊரில் இல்லாத இரவு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆச்சி உள்ளது உள்ளபடியே எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். “ஆச்சிக்குப் படிக்கத் தெரியல” என்று பேரன் தீர்ப்புச் சொல்லிவிட்டானாம். அச்சிட்டபடி படித்த ஒரே ஆள் அவர்தான்.

அந்த ஆச்சி விடவில்லை, அடுத்தடுத்த இரவுகளிலும் அதே போலவே படித்தார். ஒரு மாதம் கழித்து அந்தப் பேரன் புத்தகத்தைத் தலைகீழாக மடியில் வைத்துக்கொண்டு, “கன்று திரும்பிப் பார்த்தது. யாரும் இல்லை” என்று ஒரு சொல் பிசகாமல் சொன்ன பதிவை அவனுடைய அம்மா எனக்கு அனுப்பினார். அந்த வயதில் “பார்த்தது” என்று பேசுகிற பிள்ளை எந்தத் தெருவிலும் இருக்காது. பள்ளிக்கூடம் போகும் முன்பே எழுத்துத் தமிழ் அவன் காதில் குடியேறியிருந்தது, அதற்கு ஒரே புத்தகம் போதுமானதாக இருந்தது. கதையையும் பேச்சுத் தமிழில் எழுதிவிட்டால் என்ன என்று எங்களுக்குள் நீண்ட நாள் விவாதம் இருந்தது. அந்தப் பதிவைக் கேட்ட பிறகு நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன்: பாத்திரங்கள் பேசுவது பேச்சுத் தமிழில் இருக்கட்டும், கதை சொல்வது எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். சக ஆசிரியர்கள் சிலர் இதை இன்றும் ஏற்கவில்லை, அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பேச்சு நடையில் எழுதினால் படிப்பவரின் களைப்புக் குறையும்.

கோபிசெட்டிபாளையத்துப் பையனுக்கு என்ன செய்வதென்று அன்று எனக்குத் தெரியவில்லை. கிடங்கில் தேடச் சொன்னேன், முதல் அச்சில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. கடைசியில், வெளியே கொடுக்கக் கூடாது என்று முத்திரை குத்தியிருந்த கோப்புப் பிரதியையே கூரியரில் அனுப்பிவிட்டேன். அலுவலக விதிப்படி அது தவறு என்பது தெரிந்தே செய்தேன்.

அதற்கான விலையை ஓராண்டு கழித்துக் கொடுத்தேன். மூன்றாம் அச்சில் பழைய அகலத்துக்கே திரும்புவது, தொபுக்கடீரையும் நத்தையையும் மீட்பது என்று முடிவாயிற்று. பார்த்தால், பழைய கணினியின் வன்தட்டு பழுதானதில் முதல் அச்சின் கோப்புகள் அழிந்திருந்தன. வெட்டுப்பட்ட படங்களே கையில் இருந்தன. நத்தையை மறுபடி வரைந்து தர ஓவியர் இசைந்தார், ஆனால் எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தது என்பது அவருக்கே நினைவில்லை. வேறு வழியின்றி அந்தத் தாயை அழைத்து, புத்தகத்தை ஒரு வாரத்துக்கு இரவல் தர முடியுமா என்று கேட்டேன்.

“ஒரு வாரமெல்லாம் ஆகாதுங்க சார். ராத்திரிக்கு வேணுமுங்க” என்றார். “அண்ணன் இப்ப தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டறானுங்க. எழுத்தெல்லாம் இன்னும் தெரியாது, சும்மா பார்த்துச் சொல்றதுதான். பகல்ல அவன் பள்ளிக்கூடம் போனதும் ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து அனுப்பறனுங்க.”

மறுநாள் முற்பகலில் இருபத்துநான்கு படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தன. எங்கள் முத்திரைக்கு மேல் யாரோ பென்சிலால் கோடு கோடாக இழுத்திருந்தார்கள், நடுப்பக்கப் பின் ஒன்று கழன்று நூலால் தைக்கப்பட்டிருந்தது. பதினோராம் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரத்தில், கீழிருந்து ஏறத்தாழ இரண்டு விரல் உயரத்தில், நத்தை இடப்பக்கம் பார்த்தபடி இருந்தது. அதன் ஓட்டின் மீது மட்டும் விரல் பட்டுப் பட்டு, வண்ணம் தேய்ந்து தாள் வெளுத்திருந்தது.