நவம்பரில் வந்த கிழங்குப் பெட்டி

வீட்டு வளவிலேயே சின்னதாக ஒரு நேர்சரி வைத்து, ரியூலிப், டஃபடில், அல்லியம் (வெங்காய இனத்துப் பூ) சாடிகளும், குளிருக்குள் கிடந்து வருடா வருடம் திரும்ப முளைக்கிற பூச்செடிகளும் வளர்த்து மே மாதத்தில் விற்கலாம் என்று யோசிக்கிற ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். மண், வெய்யில், தண்ணீர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதைச் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை. இந்தத் தொழிலில் அடி விழுவது குளிரால் இல்லை, கிழங்கு வாங்குகிற இடத்தில்தான். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

கிழங்கைத் தபாலில் அனுப்புகிற ஒரு நிறுவனத்திடம் ஓகஸ்ட்டிலேயே ஓடர் போட்டுக் காசும் கட்டியாயிற்று. 200 ரியூலிப், எல்லாம் 12 சென்ரிமீற்றருக்கு மேல் என்று போட்டிருந்தார்கள். அது கிழங்கின் சுற்றளவு. விற்பனைக்குச் சாடியில் வைக்கிறவர்களுக்கு இந்த அளவுதான் உயிர், 10க்கும் 11க்கும் இடைப்பட்டதை வைத்தால் பூ சின்னதாக வரும், சிலது இலையோடு நின்றுவிடும். செப்ரெம்பர் கடைசியில் அனுப்புவதாகச் சொன்னவர்கள் ஒக்ரோபர் முழுக்க "உங்கள் வலயத்துக்கு (குளிரின் அளவை வைத்துப் பிரித்த பகுதி) இன்னும் நேரம் வரவில்லை" என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். தெற்கு ஒன்ராறியோவில் ரியூலிப் நடுகிற காலமே செப்ரெம்பர் பிற்பகுதியில் இருந்து நவம்பர் நடுப்பகுதி வரைக்கும்தான், பிறகு எந்த வலயத்தின் நேரத்துக்குக் காத்திருக்கிறார்கள்? பெட்டி வந்தது முதல் ஸ்னோ விழுந்த பிறகு.

பிந்தி வந்தது மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். நிலம் இறுகும் வரைக்கும் ரியூலிப்பை நடலாம், செத்துப் போகாது. ஆனால் பெட்டியைத் திறந்தவுடனே புளித்த மணம் மூக்கில் அடித்தது. கிழங்கின் மேல் நீலப் பூஞ்சணம் இருந்தால் பயப்பட வேண்டாம், துடைத்துவிட்டு நடலாம். வேர் வருகிற அடித்தட்டைப் பெருவிரலால் அமர்த்திப் பாருங்கள், மெத்தென்று உள்ளே போனால் அது அழுகல், எறிய வேண்டியதுதான். எனக்கு வந்ததில் ஒவ்வொரு பையிலும் இப்படிச் சில கிடந்தன. சில தானே என்று விடவும் முடியாது, ஏனென்றால் அழுகுகிற கிழங்கு எத்திலீன் வாயுவை விடும், அது பக்கத்தில் இருக்கிற நல்ல கிழங்குக்குள் உருவாகியிருக்கிற பூவைக் கொன்றுவிடும். வெளியே பார்த்தால் கல்லு மாதிரி இருக்கும், வசந்தத்தில் இலை மட்டும் வரும். இதே காரணத்துக்காகத்தான் பிரிட்ஜில் அப்பிளோடு கிழங்கை வைக்கக் கூடாது.

அதனால் பைக்கு ஒன்றாக எடுத்து நேர் நடுவே வெட்டிப் பார்த்தேன். இலையுதிர்காலத்துக் கிழங்கில் நடுவே இளம் மஞ்சள் நிறத்தில் ஒரு குருத்து நிற்கும், அதன் நுனியைப் பிரித்தால் பூவின் இதழும் மகரந்தத் தாளும் கண்ணுக்கே தெரியும். நல்ல பைகளில் அப்படியே இருந்தது. இரண்டு ரகத்தில் அந்த இடம் மண்ணிறமாகிச் சருகாகிக் கிடந்தது. அதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது, உண்மையிலேயே. பிறகு தையல் அளவுநாடாவை எடுத்து மற்றவற்றைச் சுற்றி அளந்தால் அரைவாசிக்கு மேல் 11ஐத் தாண்டவில்லை.

தொலைபேசியில் பேசிய பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தது, ஆனால் சொன்னது ஒன்றும் நியாயமில்லை. நட்டுப் பாருங்கள், வசந்தத்தில் பூக்காவிட்டால் படம் அனுப்புங்கள் என்றது. தயவுசெய்து இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டாம். மே மாதம் வருவதற்குள் கிரெடிட் கார்ட் நிறுவனத்திடம் முறையிடுகிற கால எல்லை போய்விடலாம், நட்ட முறை பிழை என்று பழியும் உங்கள் தலையில் விழும். அடுத்ததாக, அழுகியதை என் செலவில் தபாலில் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பையில் 12 என்று அச்சடித்த சீட்டு, பக்கத்தில் அளவுநாடா சுற்றிய கிழங்கு, வெட்டிய பாதிகள், பெட்டியில் இருந்த தபால் திகதி எல்லாம் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுத்து மின்னஞ்சலில் போட்டேன். மேலாளர் ஒருவர் பதில் எழுதினார், அரைவாசிக் காசு திரும்பி வந்தது. முழுவதும் வர வேண்டியது. ஆனாலும் அந்தப் படங்கள் இல்லாவிட்டால் ஒரு சதமும் வந்திருக்காது.

நடுகை ஒரு பின்னேரத்தில் முடிந்தது. வேர் வளர நல்லது என்று கடையில் சொல்லி எலும்புத்தூளும் கையில் தந்துவிட்டார்கள். அந்த மணத்துக்கு இரவோடு இரவாக ரக்கூன் வந்து பாத்தியைக் கிளறிவிட்டுப் போனது, கிளறிய மண்ணைக் கண்டு காலையில் அணில்கள் வந்தன. எலும்புத்தூள் வேண்டவே வேண்டாம். மேலே கோழிக்கூட்டுக் கம்பிவலையை விரித்து ஓரத்தில் கல் வையுங்கள், முளை வரும்போது எடுத்தால் சரி. டஃபடிலில் நஞ்சு இருப்பதால் அணில் தொடாது, அல்லியத்தையும் பெரும்பாலும் விட்டுவிடும்.

சாடிகள் சூடாக்காத கராஜில், வீட்டுச் சுவரோடு ஒட்டி. ரியூலிப்புக்கு 12 முதல் 16 கிழமை குளிர் வேண்டும், ஆனால் சாடி வெளியே நின்றால் நாலு பக்கமும் உறைந்து கிழங்கு போய்விடும். மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர். எலிக்கு அங்கேயும் கம்பிவலைதான்.

கிழங்கை விட்டு மற்றச் செடிகளுக்கு வந்தால், பியோனி வாங்கிய கடையில் "குளிருக்கு நல்ல ஆழமாகப் புதையுங்கள்" என்று அடித்துச் சொன்னார் விற்பனையாளர். பியோனியின் கண் (வேர்க்கிழங்கில் புதுத் தண்டு வருகிற முளை) மண்ணுக்குக் கீழே 5 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வருடக்கணக்காக இலைதான். அவர் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் புதைத்திருப்பார்களோ.

பிரித்து நட்டு விற்க நினைக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புது ரக ஹொஸ்ரா, எக்கினேசியா சாடிச் சீட்டுகளில் பிபிஆர் (PBR, ரகத்தை உருவாக்கியவரின் உரிமை) என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்த ரகத்தை உருவாக்கியவருக்குக் கனடிய சட்டப்படி 20 வருட உரிமை, அவருடைய அனுமதி இல்லாமல் பெருக்கி விற்கக் கூடாது. கனடிய உணவுப் பரிசோதனை முகமையின் இணையப் பட்டியலில் ரகத்தின் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எனக்கு இதைச் சொன்னது எந்தக் கடையும் இல்லை. நான் பழைய ரகங்களோடு நிற்கிறேன், பழைய டே லில்லிக்கும் தாடி ஐரிஸுக்கும் இங்கே எப்போதும் கேள்வி இருக்கிறது.

அப்புறம் துள்ளும் மண்புழு. ஒன்ராறியோவுக்கும் வந்துவிட்டது, அது புகுந்த இடத்தில் மேல்மண் கோப்பி வடித்த சக்கை மாதிரி உதிரியாகக் கிடக்கும், பிறகு வேருக்குப் பிடிப்பே இல்லை. யாராவது அன்போடு ஒரு செடியைச் சாடியோடு தந்தாலும், மண் முழுவதையும் கழுவி வெறும் வேராக்கித்தான் என் வளவுக்குள் கொண்டுவருவேன், அந்த மண்ணைக் கறுத்தப் பையில் கட்டிக் குப்பைக்குத்தான் போடுவேன். பிரித்த செடிகளை நான் விற்பதும் வெறும் வேராகத்தான். சிலர் முகம் சுளித்தார்கள், விளக்கம் சொன்னதும் வாங்கினார்கள்.

மே மாதம் டிரைவ்வேயில் மேசை போட்டேன். தப்பிய கிழங்குகள் அவ்வளவு அழகாகப் பூத்தன, மதியத்துக்குள் ரியூலிப் சாடி ஒன்றும் மிஞ்சவில்லை. வந்தவர்களில் ஒரு ஐயா, "தம்பி, இது அடுத்த வருசமும் வருமோ?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன்: டஃபடில் வரும், பெருகவும் செய்யும், ரியூலிப்பில் டார்வின் கலப்பு ரகங்கள் சில வருடம் நன்றாக வரும், மற்றவை பெரும்பாலும் இளைத்துப் போகும். அவர் இரண்டு சாடி டஃபடிலும் ஒரு டார்வினும் எடுத்தார். பூ உதிர்ந்த கையோடு இலையை வெட்டிவிடாதீர்கள், அது தானாக மஞ்சளாகும் வரைக்கும் விட்டால்தான் கிழங்குக்குச் சாப்பாடு சேரும் என்று அவரிடமும் சொல்லி, மற்ற எல்லோரிடமும் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அடுத்த முறை அதை அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒவ்வொரு சாடியிலும் குத்திவிடப் போகிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.