முதலில் மருந்துப் பையைத் திறவுங்கள்

நோயாளர் பாதுகாப்பை இறுதியாண்டில் ஒரு விரிவுரையோடு முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. திருகோணமலையில் சித்த மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். அந்தப் பாடம் முதலாம் ஆண்டிலேயே, நோயாளியின் மருந்துப் பையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

எங்களிடம் வருகிறவர்களில் பலர் ஒரு வைத்தியத்தோடு நிற்பவர்கள் அல்லர். மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வரும் ஒரு அம்மா, சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக் கொப்பி வைத்திருப்பார். அதை எங்களிடம் காட்டமாட்டார். இங்கிலீஷ் மருந்து எடுப்பது தெரிந்தால் ஏசுவார்கள் என்ற பயம். அங்கே போனால் நாட்டு மருந்தைப் பற்றி வாய் திறக்கமாட்டார். அங்கும் அதே பயம்தான்.

ஆகவே கேட்கும் முறையையே முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். "வேறு மருந்து எடுக்கிறீர்களா?" என்றால் "இல்லைப் பிள்ளை" என்று பதில் வரும். "காலையில் எழும்பினால் என்னென்ன குளிசை போடுகிறீர்கள் அம்மா? பையை ஒருக்கால் பார்க்கலாமா?" என்றால் பை திறக்கும்.

உள்ளே சின்னக் காகித உறைகள் இருக்கும். மடித்து மடித்து, எழுதிய பெயர் பாதி அழிந்திருக்கும். இரண்டு உறைகளில் இருந்தவற்றை ஒன்றிலேயே கொட்டி வைத்திருப்பார்கள்; இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். அடியில் ஒரு போத்தலில் மகள் வாங்கிக்கொடுத்த சிறுகுறிஞ்சான் தூள். அதுவும் இரத்தத்தில் சீனியைக் குறைக்கும், சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில் கொடுக்கும் கிளிபென்கிளமைட் குளிசையும் குறைக்கும். இரண்டையும் எடுத்துவிட்டுச் சாப்பாட்டைப் பிந்தவிட்டால் வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழலாம். அதிமதுரத்திலும் ஆபத்து உண்டு. அதிகமாக, நெடுநாள் எடுத்தால் பிரஷர் கூடும், பொட்டாசியம் குறையும். சிறுநீர் போவதற்கான பியூரோசிமைட்டும் பொட்டாசியத்தை வெளியேற்றுவதால் இரண்டும் சேர்வது இதயத்துக்கு ஆபத்து. "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்ற பேச்சை வகுப்பில் நான் அனுமதிப்பதில்லை. நச்சுத்தன்மை உள்ள சேரான்கொட்டையை நச்சு நீக்கிச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்காதே என்று எச்சரித்தது நமது மரபேதான்.

உலக சுகாதார நிறுவனம் 2011 இல் நோயாளர் பாதுகாப்புக்கென 11 தலைப்புகளில் ஒரு பாடத்திட்ட வழிகாட்டியை வெளியிட்டது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தாளர், தாதியர், மருத்துவிச்சி மாணவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது அது. எங்கள் மாணவர்கள் அந்த வரிசையில் இல்லை. ஆனால் பிழை நேர்ந்தால் யாருடையது என்று தேடுவதோடு நின்றுவிடாமல், வேலை நடந்த முறையில் எங்கே ஓட்டை இருந்தது என்று பார்க்கச் சொல்லும் அதன் அடிப்படை எங்களுக்கும் உரியதே.

மிகக் கடினமானது வாய் திறக்கப் பழக்குவது. பெரியவர்களுக்கு எதிர்ப்பேச்சுப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இவர்கள். மூத்த வைத்தியர் எழுதிய அளவில் சந்தேகம் வந்தாலும் பேசாமல் நிற்பார்கள். அதனால் வகுப்பிலேயே ஒருவரைக் கோபக்கார வைத்தியராக நிறுத்தி, மற்றவரை உரத்துச் சொல்ல வைக்கிறேன்: "சேர், இந்த அளவில் எனக்கொரு சந்தேகம். கொடுப்பதற்கு முன் ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கள்." முதலில் குரல் எழும்பாது. சேர் முறைத்தாலும் தடுமாறாமல் சொல்லி முடிக்கும் வரை விடுவதில்லை.

தாதிய மாணவர்களும் மருந்தாளர் மாணவர்களும் எங்கள் பிள்ளைகளோடு ஒரே மேசையில் இருந்து அந்தப் பையைப் பிரிக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை. அதற்கு மூன்று இடங்களில் அனுமதி வேண்டும். அதற்கிடையில் பாடத்திட்டம் மீளாய்வுக்கு வரும்போது, மருந்துப் பையைப் பார்த்துப் பட்டியலிடுவதற்குச் செய்முறைப் பரீட்சையில் தனிப் புள்ளி கேட்கப்போகிறேன். புள்ளி இல்லாத பாடத்தை எந்தப் பிள்ளையும் இரவில் கண்விழித்துப் படிப்பதில்லை.