எஃப் 5 போச்சு தம்பி

கல்யாண ஸ்டுடியோவிலிருந்து யாராவது கூப்பிட்டு, கம்ப்யூட்டருக்குப் புது ஓ.எஸ்., அதாவது விண்டோஸ் மாதிரி அடிப்படை மென்பொருள், போட வேண்டும் என்றால், நான் முதலில் எடுத்துப் பார்ப்பது பஞ்சாங்கத்தை. திண்டுக்கல் பக்கம் ஸ்டுடியோக்களுக்கும் டி.டி.பி. கடைகளுக்கும் சிஸ்டம் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. முதலாளிகள் எல்லோரும் ஆடி மாதத்தைத்தான் சொல்வார்கள். "ஆடியில முகூர்த்தம் இல்ல தம்பி, சும்மாதான் இருக்கோம், வந்து போட்டுரு." சும்மா இருப்பது அவருடைய கேமரா. உள்ளறையில் உட்கார்ந்திருக்கும் டிசைனருக்கு வைகாசி, ஆனிக் கல்யாணங்களின் ஆல்பமெல்லாம் ஆடியில்தான் வந்து குவியும். பெண் வீட்டார் ஒரு பக்கம் போனில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் சிஸ்டத்தைப் பிரித்துப் போட்டால் அவர் என்னைச் சும்மா விடமாட்டார். அதனால் தேதியை டிசைனரிடம்தான் கேட்பேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். அதை விட்டால் மார்கழிக் கடைசி.

ஓடுகிறது ஓடட்டுமே, எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ஓரளவுக்கு அந்தக் கட்சிதான். ஆனால் ஸ்டுடியோக்காரர் யாரும் புது ஓ.எஸ். மேல் ஆசைப்பட்டு மாற்றுவதில்லை. பெரும்பாலும் கேமராதான் இழுத்துவிடுகிறது. கேனன் 2018-இல் இ.ஓ.எஸ். எம்50 கேமராவோடு சி.ஆர்.3 என்ற புது ரா ஃபைலைக் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் படம்) கொண்டுவந்தது. நம் ஊரில் பலர் வைத்திருந்த போட்டோஷாப் சி.எஸ்.6-க்கு அது புரியாது. புதுக் கேமராக்களைத் தெரிந்துகொள்ள அதற்கு வந்த கடைசி கேமரா ரா (ரா ஃபைலைத் திறந்து கொடுக்கும் துணை நிரல்) பதிப்பு 9.1.1, அது 2015-ஓடு நின்றுவிட்டது. சரி, அடோபி இலவசமாகவே கொடுக்கும் டி.என்.ஜி. கன்வெர்ட்டரில் போட்டு, பழைய போட்டோஷாப்புக்கும் புரியும் ரா வகையாக மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அதன் புதுப் பதிப்பு விண்டோஸ் 7-இல் ஏறாது. ஆகக் கேமரா வாங்கியவர் ஓ.எஸ். மாற்றியாக வேண்டும். ஓ.எஸ். மாறியதும் பழைய ஸ்கேனருக்கு டிரைவர் கிடைக்காது. இப்படி ஒன்று மாற்றி ஒன்று செலவு வந்துகொண்டே இருக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்த பிறகு இந்த நெருக்கடி இன்னும் கூடிவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பிராசஸர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆல்பம் வேலைக்கு இன்றும் குறையில்லாமல் ஓடுகிற நான்காம் தலைமுறை ஐ7 சிஸ்டங்கள் எத்தனையோ ஸ்டுடியோவில் இருக்கின்றன. அவை எல்லாவற்றையும் ஒரே தேதியில் பழசு என்று தள்ளிவிட்டார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், புது ஓ.எஸ். போட்டால் போட்டோஷாப் திறக்குமா திறக்காதா என்பதுதான் கேள்வி என்று நினைப்பார்கள். நான் பார்த்தவரை போட்டோஷாப் ஏறக்குறைய எப்போதும் திறந்துவிடும். அதைச் சுற்றித் தொங்கிக்கொண்டிருப்பவைதான் உதிர்ந்துபோகும். டிசைனரின் வேலை முழுக்க அந்தத் தொங்கல்களில்தான் இருக்கிறது என்பது அதற்கப்புறம்தான் தெரியவரும்.

ஒரு ஸ்டுடியோவில் மூத்த டிசைனர் அண்ணன் ஒருவர். ஓ.எஸ். மாற்றுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டேன். "என்ன சாஃப்ட்வேர்ண்ணே யூஸ் பண்றீங்க?" "போட்டோஷாப்." "அதுக்குள்ள தனியா ஏதாவது போட்டிருக்கீங்களா?" "ஒண்ணும் இல்ல, வெறும் போட்டோஷாப்தான்." விண்டோஸ் புதிதாக ஏறியது, நிறைய ராம் பயன்படுத்தக்கூடிய போட்டோஷாப் 64-பிட் பதிப்பும் ஏறியது, அவருடைய ஆக்‌ஷன் செட்டையும் (ஒரே விசையில் பல வேலைகளை வரிசையாகச் செய்யும் பதிவுகள்) கொண்டுவந்து போட்டாயிற்று. முதல் படத்தை அவர் முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் வழக்கம். மணப்பெண் முகம் ஒன்றைத் திறந்தார். வலது கை மவுஸில், இடது கை தானாக எஃப் 5-க்குப் போனது. படத்தின் லேயர், அதாவது அடுக்கு, ஒன்று நகலாகி மேலே வந்தது. அதோடு நின்றுவிட்டது. இந்தக் கட்டளை இப்போது கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி. இன்னொரு முறை அழுத்தினார், இன்னொரு லேயர், மறுபடி அதே பெட்டி. என் பக்கம் திரும்பி, "எஃப் 5 போச்சு தம்பி" என்றார்.

ஆக்‌ஷன் பேனலில் பக்கத்திலிருக்கும் சின்ன முக்கோணத்தைத் தட்டினால் உள்ளே இருக்கும் படிகள் விரியும். விரித்துப் பார்த்தேன். முதல் படி லேயர் நகல். இரண்டாவது படி, தோலை மழமழப்பாக்கும் ஒரு பிளக்-இன், அதாவது போட்டோஷாப்புக்குள் தனியாகப் போடும் துணை நிரல். அப்புறம் மாஸ்க், ஒப்பாசிட்டி, கடைசியில் லேசாக ஒரு ஷார்ப்பன். இதைப் பதிவு செய்தது அவர் இல்லை. முன்பு வேலை பார்த்து, பிறகு சென்னைக்குப் போய்விட்ட வேறு ஒருவர். இவருக்குத் தெரிந்ததெல்லாம் எஃப் 5 அழுத்தினால் முகம் நன்றாக வரும் என்பதுதான். பிளக்-இன் என்ற ஒன்று உள்ளே இருப்பதே தெரியாதவரிடம், என்னென்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டு என்ன பயன்? இப்போதெல்லாம் நான் எதுவும் கேட்பதில்லை. ஒரு படத்தை ஆரம்பத்திலிருந்து முடிக்கச் சொல்லிவிட்டு, அவருடைய விரல் போகும் இடங்களை நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

சிக்கல் இதுதான். விண்டோஸுக்கான போட்டோஷாப் 2008-இல் வந்த சி.எஸ்.4-இலிருந்து 64-பிட்டாகவும் கிடைக்கிறது. ஆனால் 64-பிட் போட்டோஷாப்புக்குள் பழைய வகையான 32-பிட் பிளக்-இன் நுழையாது. நுழையாததை அது சொல்லவும் சொல்லாது. ஃபில்டர் மெனுவில் அந்தப் பெயர் இருக்காது, அவ்வளவுதான். சி.எஸ்.6 வரை விண்டோஸில் 32-பிட் பதிப்பும் கூடவே ஏறிவிடுவதால் அதைத் திறந்து காட்டினேன். எஃப் 5 உயிர் பெற்றது. அண்ணனுக்கு அப்போதும் திருப்தி இல்லை. 12-க்கு 36 அங்குல ஷீட் ஒன்று 300 டி.பி.ஐ.-இல் 3,600-க்கு 10,800 பிக்சல். ஒரே ஒரு லேயரே நூறு எம்.பி.யைத் தாண்டும். படம், பார்டர், பூ, எழுத்து என்று இருபது லேயர் போனால், எத்தனை ராம் போட்டிருந்தாலும் 4 ஜி.பி.க்கு மேல் தொட முடியாத 32-பிட் நிரல் திணறிவிடும். முகத்துக்கு ஒரு போட்டோஷாப், ஷீட்டுக்கு ஒரு போட்டோஷாப் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். "ஒரு சோத்துக்கு ரெண்டு அடுப்பா?" என்றார். கடைசியில் பிளக்-இன்னின் 64-பிட் பதிப்பைக் காசு கொடுத்து வாங்கினார்கள். ஸ்லைடர்களில் பழைய எண்களையே வைத்தும் தோல் பழையபடி வரவில்லை. முன்பு பிரின்ட் போன ஒரு ஆல்பத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, எண்களை ஏற்றி இறக்கி, பழைய நிறத்துக்கு அவரேதான் கொண்டுவந்தார். அந்த வேலையை என்னால் செய்ய முடியாது. அதற்குக் கண் வேண்டும்.

இதே கதை, பட நிறத் திருத்தத்துக்கான பிளக்-இன் தொகுப்பான நிக் கலெக்‌ஷன் வைத்திருந்தவர்களுக்கும் உண்டு. 2012-இல் அதைக் கூகுள் வாங்கி, 2016 மார்ச்சில் இலவசமாக்கி, 2017-இல் டி.எக்ஸ்.ஓ. நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. அந்த இலவசப் பதிப்பின் இன்ஸ்டால் ஃபைலைப் பென்டிரைவில் போட்டுப் பூஜை அறையில் வைக்காத குறையாகப் பாதுகாப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போட்டோஷாப் டிஸ்க் எங்கே வாங்கினீர்கள் என்று நான் கேட்டால் பல கடைகளில் சிரித்துவிட்டு டீ சொல்வார்கள். புது விண்டோஸில் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் தானாகவே ஓடும். லைசென்ஸை உடைத்த ஃபைல்களை அது கேட்காமல் தூக்கிவிடும். "நீ கை வச்ச பிறகுதான் போச்சு" என்ற பழி என் மேல் விழும். மாதச் சந்தா கட்டச் சொன்னால் முகம் சுருங்கும். மாதத்துக்கு இரண்டு கல்யாணம் கிடைக்கிற சின்ன ஸ்டுடியோவுக்கு அது வாடகைக்கு மேல் ஒரு வாடகை என்பதும் உண்மைதான். அப்படிப்பட்டவர்களுக்கு போட்டோஷாப் மாதிரியான போட்டோபீயைக் காட்டுகிறேன். பிரவுசரிலேயே ஓடும், போட்டோஷாப் ஃபைலான பி.எஸ்.டி.யைத் திறக்கும், ஓ.எஸ். எதுவானாலும் அதற்குக் கவலையில்லை. பாஸ்போர்ட் போட்டோ, ஃபிளெக்ஸ் திருத்தம் மாதிரி வேலைகளுக்குத் தாராளமாகப் போதும். கல்யாண ஆல்பத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

எழுத்துரு விஷயம்தான் என்னை அதிகமாகப் படுத்தியிருக்கிறது. நம் ஊரின் பழைய பி.எஸ்.டி.களில் இருக்கும் தமிழ் பெரும்பாலும் யூனிகோடு (ஒவ்வொரு எழுத்துக்கும் உலகப் பொதுவான எண் தரும் முறை) இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த ஃபான்ட்டுகள். அதில் பாமினி மாதிரி, பெரும்பாலும் சாதாரண விசைப்பலகை இடங்களையே பயன்படுத்தியவை எந்த ஓ.எஸ்.-இலும் பிழைத்துக்கொள்ளும். எழுத்துகளின் எண் வரிசையில் 128-க்கு மேலே உள்ள இடங்களில் எழுத்துகளைப் பரப்பி வைத்தவைதான் ஆபத்து. உதாரணத்துக்கு 173-ஆம் இடம். புதிய நிரல்கள் அதைக் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுக்குறியாக (ஹைஃபன்) எடுத்துக்கொள்ளும். ஃபான்ட் செய்தவர் அங்கே ஒரு தமிழ் எழுத்தை வைத்திருந்தால் அந்த ஒரு எழுத்து மட்டும் மறைந்துபோகும். ஒரு கடையில் அப்படிப் போனது 'இ'. அட்டையில் 'இளவரசி' என்று இருக்க வேண்டியது 'ளவரசி' என்று நின்றது. மற்ற எழுத்தெல்லாம் சரியாக இருந்ததால் பார்த்தவுடன் கண்ணில் படவில்லை. பிரின்டுக்குப் போகுமுன் கண்டுபிடித்தது முதலாளியின் மனைவி.

அச்சகங்களில் இதோடு டாங்கிளும் சேரும். தமிழ் எழுத்து மென்பொருள் ஓட, ஒரு சின்ன யு.எஸ்.பி. பூட்டு குத்தியிருக்க வேண்டும். 64-பிட் விண்டோஸில் 32-பிட் நிரல் ஓடும், ஆனால் 32-பிட் டிரைவர் ஏறவே ஏறாது. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. அதனால் நிரல் நன்றாக இருந்தும் பூட்டை அது பார்க்காது, பூட்டைப் பார்க்காமல் திறக்காது. விற்றவர்களைக் கேட்டால் புதுப் பதிப்பு வாங்குங்கள் என்பார்கள். வாங்கினால் ஃபான்ட்டின் உள் இடங்கள் மாறியிருக்கும், பழைய பத்திரிகை மாதிரிகள் எல்லாம் சிதறும். இந்த மாதிரி இடங்களில் நான் வாதம் செய்வதில்லை. பழைய சிஸ்டத்தின் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அது சாகும்வரை எழுத்து வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் புதுசுக்கு மாறுவதில் நல்லதும் இருக்கிறது. பெயர்களை இப்போது எல்லோரும் வாட்ஸ்அப்பில் யூனிகோடில்தான் அனுப்புகிறார்கள். பழைய போட்டோஷாப்பில் அதை ஒட்டினால் 'கொ' என்ற எழுத்தில் கொம்பு தனியாக, க தனியாக நிற்கும். கன்வெர்ட்டரில் போட்டு மாற்றி ஒட்ட வேண்டும். புதுப் பதிப்புகளில் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வைப் போட்டால் அப்படியே ஒட்டலாம். பெயர் தப்பாகப் போவதில் பாதி இதனாலேயே குறைந்துவிடும்.

மேக் வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கம் குறைவு. அவர்களுக்கு அடி ஒரே தவணையில் விழுந்தது. 2019 அக்டோபரில் வந்த மேக் ஓ.எஸ். கேட்டலினா 32-பிட் நிரல்களை மொத்தமாக நிறுத்திவிட்டது. ஆப்பிளின் சொந்த போட்டோ மென்பொருளான அப்பர்ச்சரும் அதோடு ஓடாமல் போனது. காசு கொடுத்து ஒரே தடவையில் வாங்கிய, போட்டோ திருத்தும் லைட்ரூம் 6-இல் முக்கிய நிரல் 64-பிட்தான், ஆனால் நிறுவுவதற்கும் லைசென்ஸ் பார்ப்பதற்கும் இருந்த துண்டுகள் 32-பிட். எனக்குத் தெரிந்த கேண்டிட் போட்டோகிராபர் ஒருவர் கேட்டலினாவுக்கு முந்தைய மொஹாவேயை வெளி எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து கொஞ்ச காலம் ஓட்டினார். பழைய மேக் என்பதால் அது நடந்தது. கேட்டலினாவோடு வந்த மேக்கில் அதுவும் முடியாது.

நிறத்தையும் பார்த்துவிட வேண்டும். ஓ.எஸ். மாறும்போது கிராஃபிக்ஸ் டிரைவர் மாறும், மானிட்டருக்குப் போட்டு வைத்திருந்த நிற அளவீடான கேலிபரேஷன் போய்விடும். யாரும் கவனிப்பதில்லை, புது விண்டோஸ் பளிச்சென்று இருக்கிறது என்றுகூட சந்தோஷப்படுவார்கள். முதல் ஆல்பம் அச்சடிக்கும் லேபிலிருந்து வந்த பிறகுதான், மாப்பிள்ளை முகம் ஏன் சிவந்து கிடக்கிறது என்ற பேச்சு கிளம்பும். அதனால் கடைசி ஆல்பத்தின் ஒரு ஷீட்டைத் திரையில் திறந்து, அச்சான ஷீட்டை அருகில் பிடித்துப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

பழைய டிஸ்க்கை நான் அழிப்பதே இல்லை. புது ஓ.எஸ். புது எஸ்.எஸ்.டி.யில், பழையது அப்படியே கழற்றி ஒரு கவரில். ஒரு முழு ஆல்பம் புதியதில் முடிந்து லேபிலிருந்து வந்த பிறகுதான் அந்தக் கவரை முதலாளி கையில் கொடுப்பேன். எஸ்.எஸ்.டி. செலவு எதற்கு என்று பேரம் பேசுபவர்களிடம் வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

போன தையில் ஒரு தம்பதி, தங்கள் பழைய கல்யாண ஆல்பத்தில் இன்னொரு பிரதி வேண்டும் என்று ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். அந்த எஃப் 5 அண்ணன் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பி.எஸ்.டி.யைத் திறந்ததும், எழுத்து லேயர்களைப் புதுப்பிக்கட்டுமா என்று போட்டோஷாப் கேட்டது. அந்த ஃபான்ட் இப்போது சிஸ்டத்தில் இல்லை. சரி என்று கொடுத்தால் பெயர், தேதி, கவிதை எல்லாம் வேறு ஃபான்ட்டில் ஓடிச் சிதறும். வேண்டாம் என்று கொடுத்தால், கடைசியாகச் சேமித்த உருவம் அப்படியே நிற்கும். 'நோ' கொடுத்து, ஜேபெக்காக மாற்றி, அன்று சாயங்காலமே லேபுக்கு அனுப்பினார்கள். நல்லவேளை, எழுத்தில் எதையும் மாற்றச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை.